சுற்றுலாக் காசு எந்தக் கைக்குப் போகிறது?

அங்கோர் வாட்டைச் சுற்றி வளரும் ஏழைப் பிள்ளைகளும், அவர்களுக்கு உதவ நினைக்கும் பயணிகளும்

கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் ஒரு நாள் நுழைவுச்சீட்டுக்கு 37 டாலர் கொடுக்கிறார். 2017 பிப்ரவரிக்கு முன்பு அது 20 டாலராக இருந்தது. கட்டணம் ஏறியபோது சேர்ந்து வந்த ஓர் ஏற்பாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அவற்றில் ஒன்று, பழங்கால மன்னர் ஏழாம் ஜெயவர்மனின் பெயரோடு, சியெம் ரீப் நகரிலிருந்து கோயிலுக்குப் போகும் சாலையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் டெங்குவோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் கிராமத்துத் தாயிடம் அங்கே யாரும் பணம் கேட்பதில்லை.

2018இல் அங்கோருக்குச் சீட்டு வாங்கிய வெளிநாட்டவர் சுமார் 26 லட்சம் பேர். ஆளுக்கு 2 டாலர் என்றால் 50 லட்சம் டாலருக்கு மேல். கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் கொடுத்ததே தெரிந்திருக்காது. எந்தக் குழந்தையும் அந்தப் பணத்துக்காக அவர்கள் முன் நின்று கை நீட்டவில்லை. சிரித்துப் படத்துக்கு நிற்கவில்லை. சுற்றுலா வழியாக ஓர் ஏழைக் குழந்தைக்கு உதவி போய்ச் சேர இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே கோயிலின் வாசலில் இன்னொரு கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியதும் ஆறேழு வயதுப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். கையில் அஞ்சலட்டைக் கட்டு, கயிற்று வளையல், மூங்கில் புல்லாங்குழல். 'ஒன் டாலர், ஒன் டாலர்' என்ற குரல் அடுத்த கோபுரம் வரைக்கும் கூடவே வரும். இரக்கமுள்ள எவருக்கும் கை தானாகப் பைக்குள் போகும். அந்த இரக்கத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை.

வாசலில் நிற்கும் பிள்ளை

கம்போடியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் காலை ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று வகுப்புகள் நடக்கின்றன. அதனால் எந்நேரமும் பாதிப் பிள்ளைகள் வெளியில்தான் இருப்பார்கள். 'காலையில் பள்ளிக்கூடம் போய்விட்டுத்தான் விற்க வருகிறேன்' என்று ஒரு சிறுமி சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வியாபாரம் நன்றாக நடக்கும் மாதங்களில் காலைப் பள்ளி நழுவுகிறது, பிறகு பள்ளியே நழுவுகிறது. ஒரே வளையலைத் தாய் விற்றால் வாங்காதவர், ஆறு வயது மகள் விற்றால் வாங்குவார். வீட்டில் வருமானம் கொண்டுவருவது குழந்தையின் முகம் என்று ஆகிவிட்டால், அந்தக் குழந்தையை வகுப்பறைக்கு அனுப்ப எந்த ஏழைக் குடும்பத்துக்குத் துணிவு வரும்? பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்த முகம் மாறுகிறது, விற்பனை குறைகிறது. அப்போது படிப்பும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் 2015இல் பயணிகளுக்கான நடத்தை விதிகளை வெளியிட்டது. உடை, சிற்பங்களைத் தொடாமை, புகைபிடிக்காமை என்று போகும் அந்தச் சிறு பட்டியலில் ஒன்று, பிள்ளைகளுக்கு மிட்டாயோ காசோ கொடுக்காதீர்கள் என்பது. கொடுத்தால் அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் பிச்சை எடுக்கப் பழகுவார்கள் என்று காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது.

நகருக்குள் மாலை நேரத்தில் இன்னொன்று நடக்கும். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வருவாள். பணம் வேண்டாம், குழந்தைக்குப் பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்பாள். பக்கத்துக் கடையில் பயணி ஒரு டின் வாங்கித் தருவார். அவர் தெருமுனை திரும்பியதும் டின் மறுபடி கடைக்குப் போய்விடும். பணத்தைக் கடைக்காரரும் அவளைக் கூட்டிவந்தவர்களும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பல ஆண்டுகளாக நடப்பது இது. அன்றிரவு அந்தக் கைக்குழந்தை பத்து மணி வரை தூங்காமல் மதுக்கடைத் தெருவில் அலைந்தாக வேண்டும். டோன்லே சாப் ஏரியின் மிதக்கும் கிராமத்தில் படகை நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒரு மூட்டை அரிசியை இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வாங்க வைப்பதும் இதே வகைதான்.

அநாதை இல்லங்கள் பெருகிய கதை

கம்போடியாவில் அநாதைகள் குறைந்துகொண்டிருந்த காலத்தில்தான் அநாதை இல்லங்கள் பெருகின. கெமர் ரூஷ் ஆட்சியும் அதற்குப் பிந்தைய சண்டைகளும் முடிந்து, நாடு தேறி, 2000க்குப் பிறகு பயணிகள் திரளாக வரத் தொடங்கினார்கள். 2005இல் 154ஆக இருந்த இல்லங்கள் 2010இல் 269 ஆயின. ஐந்தே ஆண்டில் 75 சதவீத உயர்வு. யூனிசெஃப்பும் அரசும் சேர்ந்து பார்த்தபோது, அங்கிருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவந்தது.

அப்படியானால் அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? கிராமத்தில் வானம் பார்த்த ஒரு போக நெல். வயலை நம்பி வாங்கிய கடன். அப்பா தாய்லாந்தில் கட்டட வேலை, பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் இலவசம் என்று பெயர். சீருடை, நோட்டு, ஆசிரியர் கையில் தினமும் கொடுக்கும் சில்லறை என்று செலவுக்குக் குறைவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'நகரத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, மூன்று வேளைச் சோறு, ஆங்கிலம் சொல்லித் தருவார்கள்' என்றால், அந்தத் தாய் பிள்ளையைக் கைவிடவில்லை, படிக்கத்தான் அனுப்புகிறாள். இல்லத்தின் வாசல் பலகையில் மட்டும் அந்தப் பிள்ளை அநாதை.

நல்ல மனத்தோடு தொடங்கி நல்ல முறையில் நடந்த இல்லங்களும் உண்டு. ஆனால் சியெம் ரீப்பில் இதைத் தொழிலாகச் செய்தவர்களும் இருந்தார்கள். மாலையில் பிள்ளைகள் துண்டுப் பிரசுரத்தோடு உணவகத் தெருவுக்கு அனுப்பப்பட்டார்கள். இரவில் பயணிகள் முன்னிலையில் அப்சரா நடனம் ஆடினார்கள். நன்கொடைப் பெட்டி நிரம்ப வேண்டுமானால் கட்டடம் ஒழுக வேண்டும், பிள்ளையின் சட்டை கிழிந்திருக்க வேண்டும். வறுமையைக் காட்டிப் பணம் வாங்கும் இடத்தில் வறுமை தீர்ந்துவிட்டால் வருமானமும் நின்றுபோகும். எனவே அது தீராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

இதில் தன்னார்வலராக வந்த இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் பதினெட்டு, இருபது வயதினர். பணம் கட்டி, இரண்டு வாரம் தங்கி, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, அழுதுகொண்டே விடைபெற்றவர்கள். அவர்களுடைய அன்பு பொய்யில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவரை அண்ணன் என்றும் அக்கா என்றும் ஒட்டிக்கொண்டு, பிறகு இழந்து, மறுபடி இன்னொருவரை ஒட்டிக்கொள்ளும் நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய நீண்ட ஆய்வு, இல்லங்களிலேயே வளர்ந்த பிள்ளைகளைவிடக் குடும்பங்களில் வைத்து வளர்க்கப்பட்டவர்கள் மூளை வளர்ச்சியிலும் பாச உறவிலும் தேறியதைக் காட்டியது. முன்பின் தெரியாதவர் எவரும் பணம் கட்டினால் பிள்ளைகள் தூங்கும் அறை வரை போகலாம் என்ற நிலை இன்னும் கொடியது. பிள்ளைகளிடம் தகாத நோக்கத்தோடு வருபவர்களுக்கு அது திறந்த கதவு. இல்லம் நடத்திய வெளிநாட்டவர் சிலர்கூடக் கம்போடிய நீதிமன்றங்களில் தண்டனை பெற்றிருக்கிறார்கள்.

2011இல் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு ஒரு சுவரொட்டி வெளியிட்டது. அருங்காட்சியகத்தில் சிலையை வைப்பது மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளைகள். சுற்றிநின்று படம் எடுக்கும் பயணிகள். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்பதுதான் அதன் செய்தி. அதன் பிறகு நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. 2015இல் கம்போடிய அரசு அநாதை இல்லங்களுக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் திட்டமும் வந்தது. இல்லங்களைத் தங்கள் பயண நிரலிலிருந்து எடுத்துவிட்ட முதல் பெரிய நிறுவனங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் இன்ட்ரெபிட். பள்ளி மாணவர்களை வெளிநாடு அழைத்துப்போகும் பிரிட்டனின் வேர்ல்ட் சேலஞ்ச் நிறுவனமும் 2017இல் விலகியது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் இயற்றியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்தக் கொடுமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானத்திலும் இது இடம்பெற்றது.

பணம் வரட்டும், பிள்ளை மறைவாக இருக்கட்டும்

கொடுக்காதே, போகாதே, படம் எடுக்காதே என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அது கல்நெஞ்சம். கொடுக்க வேண்டும். நிறையவே கொடுக்க வேண்டும். அந்தப் பணம் தாய் தகப்பன் கைக்குக் கூலியாகவும், பிள்ளைக்கு மருந்தாகவும் பாடமாகவும் போக வேண்டும். அதற்குச் சியெம் ரீப்பிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

கந்தா போபாவை மீட்டெடுத்த பீட் ரிச்னர் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1974-75இல் தலைநகர் நோம் பென்னில் வேலை செய்துகொண்டிருந்தபோது கெமர் ரூஷ் படை வந்ததால் நாடு திரும்பியவர், 1992இல் மன்னர் சிகானூக்கின் அழைப்பில் மீண்டும் வந்து பாழான மருத்துவமனையைக் கட்டியெழுப்பினார். சியெம் ரீப் மருத்துவமனை 1999இல் திறந்தது. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அங்கே பயணிகளை உட்காரவைத்து செல்லோ வாசிப்பார். இடையிடையே டெங்குவைப் பற்றியும் காசநோயைப் பற்றியும் பேசுவார். இளையவர்கள் ரத்தம் தரட்டும், முதியவர்கள் பணம் தரட்டும், நடுவயதினர் இரண்டும் தரட்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நோயாளிக் குழந்தையை மேடைக்குக் கொண்டுவந்து காட்டி அவர் காசு சேர்க்கவில்லை. மேடையில் வாத்தியமும் அவரும் மட்டுமே. ரிச்னர் 2018இல் காலமானார்.

அதே 1999இல் அதே ஊரில் இன்னொரு குழந்தை மருத்துவமனையும் பிறந்தது. அங்கோரின் கற்கோபுரங்களைப் படம்பிடிக்க வந்த ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கென்ரோ இசு, ஊரில் கண்ட பிள்ளைகளை மறக்க முடியாமல் நண்பர்களைத் திரட்டித் தொடங்கிய அங்கோர் குழந்தைகள் மருத்துவமனை அது. பயணியாக வந்தவர் கட்டியது. இன்று கம்போடியர்களே அதை நடத்துகிறார்கள்.

பட்டம்பாங் நகரில் உள்ள ஃபாரே பொன்லூ செல்பக் கலைப்பள்ளியின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. தாய்லாந்து எல்லை அகதி முகாமில் ஒரு பிரெஞ்சு ஆசிரியையிடம் ஓவியம் கற்ற ஒன்பது இளைஞர்கள், ஊர் திரும்பி அவருடன் சேர்ந்து 1994இல் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, பிறகு சர்க்கஸ். அங்கே பயின்று வளர்ந்த இளைஞர்கள் 2013 முதல் சியெம் ரீப்பில் இரவுதோறும் சர்க்கஸ் நடத்துகிறார்கள். மேடையில் இருப்பவர்கள் பயிற்சி முடித்து, சம்பளம் வாங்கும் கலைஞர்கள். பயணி கொடுக்கும் சீட்டுப் பணத்தின் லாபம் பட்டம்பாங் பள்ளிக்குப் போகிறது. பிச்சை இல்லை, பரிதாபம் இல்லை. பார்ப்பவர் நல்லதொரு காட்சிக்குக் காசு கொடுக்கிறார், அவ்வளவுதான். இல்லத்து முற்றத்தில் தூக்கக் கண்களோடு ஆடவைக்கப்பட்ட சிறுமியின் நடனத்தையும் இந்த அரங்கையும் ஒருவர் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால், வேறுபாட்டை யாரும் விளக்கவே வேண்டாம்.

1994இல் நோம் பென் தெருப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மித் சம்லான் அமைப்பிலிருந்து வளர்ந்ததுதான் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல். அவர்களுடைய உணவகங்களில் தெருவிலிருந்து வந்த இளைஞர்கள் சமைக்கவும் பரிமாறவும் கற்கிறார்கள். சியெம் ரீப்பில் 2002 முதல் இயங்கும் சாலா பாய் விடுதித் தொழில் பள்ளி ஏழை இளைஞர்களுக்கு ஓராண்டு அளவில் இலவசப் பயிற்சி தருகிறது. சேர்வோரில் பெரும்பான்மையினர் பெண்கள். சமையல், அறைப் பராமரிப்பு, வரவேற்பு என்று கற்று நகரத்து விடுதிகளில் வேலைக்குப் போகிறார்கள். ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் வந்தால் ஊரிலிருக்கும் தம்பி தங்கை பள்ளியில் நிலைக்கிறார்கள். அந்தத் தம்பியைப் பயணி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை.

விடுதிக்காரர்கள் என்ன செய்யலாம்

உலகமே வந்து பார்க்கும் அங்கோர் இருக்கும் மாகாணம், கம்போடியாவின் ஏழை மாகாணங்களில் ஒன்றாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. விடுதிக்குள் வந்த டாலர் கிராமத்துக்குப் போகாததுதான் காரணம். மேசைக்கு வரும் காய்கறியும் பழமும் தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் லாரியில் வந்துகொண்டிருந்தால், இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உழவருக்குச் சுற்றுலாவால் என்ன பயன்? ஒரு பெரிய விடுதி பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதைவிட, பக்கத்துக் கிராமத்தில் கீரையும் முட்டையும் ஆண்டு முழுவதும் விலை பேசி வாங்குவது அதிகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும். நோட்டுக் கொடுத்தால் படம் கிடைக்கும், கீரை வாங்கினால் கிடைக்காது. அதனால்தான் நோட்டே அதிகம் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்தது சம்பளம். பயணிகள் பெருகுவது நவம்பரிலிருந்து மார்ச் வரை. மழை மாதங்களில் ஆட்களை நிறுத்திவிட்டால் அந்த மாதங்களில்தான் கடன் ஏறும், பிள்ளை வேலைக்குப் போகும். ஆண்டு முழுவதும் சம்பளம், வேலைக்கு வரும் தாய்மாருக்குக் குழந்தைக் காப்பகம், பதினெட்டு வயது நிரம்பிய கிராமத்துப் பெண்ணுக்கு முறையான பயிற்சி. இவற்றுக்குச் செலவு உண்டு, விளம்பரம் கிடையாது. ஆனாலும் குழந்தை நலம் என்று ஒரு விடுதி பேசத் தகுதி பெறுவது இங்கேதான்.

பாதுகாப்பும் சுற்றுலாத் தொழிலின் பொறுப்பு. ஆசியச் சுற்றுலாவில் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதைக் கண்டு 1990இல் எக்பாட் இயக்கம் தாய்லாந்தில் தொடங்கியது. அதன் முயற்சியில் 1998இல் சுற்றுலா நிறுவனங்களுக்கான நடத்தை நெறி ஒன்று வந்தது. அதில் கையெழுத்திடும் நிறுவனம் தன் ஊழியருக்குப் பயிற்சி தர வேண்டும், ஒப்பந்தங்களிலேயே இதைச் சேர்க்க வேண்டும், பயணிகளிடம் சொல்ல வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கம்போடியாவில் சைல்ட்சேஃப் இயக்கம் டுக்டுக் ஓட்டுநர்களையும் விடுதி வரவேற்பாளர்களையும் குழந்தைகளைக் காக்கும் இதே வேலைக்குப் பழக்கியது. ஒரு வெளிநாட்டவர் உறவில்லாத சிறுவனோடு அறைக்கு வருவதை முதலில் பார்ப்பவர் வரவேற்பாளர்தான். ஓட்டுநருக்கு ஊரில் தெரியாத சந்தே கிடையாது. அவர்கள் கையில் ஓர் உதவி எண்ணும், அழைத்தால் முதலாளி கோபிக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் இருந்தால் போதும்.

இந்த ஏற்பாடுகளும் பயணிகள் வருகையை நம்பித்தான் நிற்கின்றன. 2019இல் கம்போடியாவுக்கு 66 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். கொரோனாவின் 2021இல் 2 லட்சம்கூட இல்லை. சர்க்கஸ் அரங்கு இருண்டது. ஃபாரே கலைஞர்கள் அந்த ஆண்டு மார்ச்சில் 24 மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் சர்க்கஸ் நடத்திக் கின்னஸ் சாதனை செய்து, உலகத்தின் கவனத்தையும் உதவியையும் கேட்டார்கள். சுற்றுலா தரும் உதவி சுற்றுலாவோடு வற்றிவிடும். அரசுப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் வலுப்படாமல் எந்த விடுதியும் எந்த சர்க்கஸும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

நம் பயணங்களில்

தமிழ்நாட்டிலிருந்து இப்போது அங்கோருக்குப் பலர் போகிறார்கள். காம்போஜ மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பழைய உறவைச் சொல்லியே பயண முகவர்கள் அழைக்கிறார்கள். குழுவாகப் போகிறவர்கள் மனமிரங்கிக் கொடுப்பதிலும் குறை வைப்பதில்லை. பேனாவும் சாக்லேட்டும் பை நிறையக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் பிள்ளைகளுக்கு வாரி வழங்குவதை நல்ல காரியமாகவே நினைக்கிறோம். அந்தப் பேனாவைத் தலைமை ஆசிரியர் கையில் கொடுத்தால் அது வகுப்புக்குள் போகும். வாசலில் கொடுத்தால் மறுநாளும் பிள்ளையை வாசலில் நிறுத்தும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கே யோசிக்க வேண்டும். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய்ச் சாப்பாடு போடுகிறோம். நம் பிள்ளை கேக் வெட்ட, இல்லத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டுகிறார்கள். படம் அன்று மாலையே முகநூலில் வருகிறது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ வெளியிடுவது குற்றம். சாப்பாடு போடுவது நல்லதுதான். பதிவுச் சான்று பார்த்து, அன்றைய சமையலுக்குப் பணம் கட்டிவிட்டு, பிள்ளைகளைக் கைதட்ட வைக்காமல் திரும்பினாலும் அவர்கள் வயிறு நிறையும். மாமல்லபுரத்திலோ ராமேசுவரத்திலோ பாசிமணி விற்கும் சிறுமியைக் கண்டால், காசைவிட 1098 என்ற எண்ணுக்கு ஓர் அழைப்பு அதிகம் செய்யும். இரவு பகல் எந்நேரமும் இயங்கும் இலவசக் குழந்தை உதவி எண் அது.

பயணம் புறப்படுபவர் முகவரிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். நிரலில் அநாதை இல்லமோ பள்ளிக்கூட வகுப்பறையோ இருக்கிறதா? இருந்தால் நீக்கிவிட்டு அந்த நேரத்தில் ஃபாரே சர்க்கஸுக்குச் சீட்டு எடுத்துத் தர முடியுமா? ஒரு வேளையாவது பயிற்சி உணவகத்தில் சாப்பிட முடியுமா? வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, அவருக்குச் சம்பளமா அல்லது கடைக்குக் கூட்டிப்போனால் வரும் கமிஷன் மட்டுமா? உடம்புக்கு ஒத்துக்கொள்பவர்கள் கந்தா போபாவில் ரத்தம் கொடுக்க ஒரு காலை நேரம் ஒதுக்குவார்களா? முன்பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு நிரலை மாற்ற எந்த முகவரும் எளிதில் சம்மதிக்க மாட்டார். பத்துப் பேர் கேட்டால் அடுத்த பருவத்துக்கான நிரலை அவரே திருத்தி அச்சடிப்பார்.